அந்தச் சின்னத் துண்டு

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
14 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். உன் முழங்கை வலி தணிந்ததா? மடத்தில் நற்கருணை அப்பத்துக்கு மாவு கரைக்கும் வேலையை வேறு சகோதரிக்கு மாற்றினார்களா?

"நாலு வருஷமாக ஒரு புழுவை வைத்துக்கொண்டு நீ என்னதான் செய்கிறாய்? அப்பா கேட்டால் சொல்ல ஒரு வரி கொடு" என்று எழுதியிருந்தாய். ஒரு வரியில் அடங்காது. முப்பது வருஷம் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு, கண்ணுக்குத் தெரியாத புழுவைப் பற்றி எப்படிச் சொன்னாலும் சிரிப்புத்தான் வரும்.

புழு ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். முட்டையிலிருந்து வந்து, நான்கு முறை தோலுரித்து, மூன்றே நாளில் தாயாகிவிடும். ஒவ்வொரு பருவத்துக்கும் தனி வேலை உண்டு. எங்களிடம் நோயாளி வம்சம் ஒன்று இருக்கிறது. அது முதல் பருவத்து வேலையை முடித்துத் தோலை உரித்துவிட்டு, மறுபடியும் முதல் பருவத்து வேலையையே செய்யும். அதற்குப் பிறகும் அதையேதான். உடம்பு நீளுமே தவிர முட்டையிடும் வாசல் உண்டாவதில்லை. எல்லாம் ஒரே ஒரு மரபணு கெட்டதால். அது எது என்று பிடிப்பதில் போயிற்று என் நாலு வருஷம்.

நல்ல புழுவின் டி.என்.ஏ.யைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நோயாளித் தாய்க்கு ஊசியில் ஏற்றுவேன். பிள்ளைகள் குணமானால் மரபணு அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. பிறகு அதையும் வெட்டுவேன். சென்ற வாரம் எழுநூறு டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு வந்துவிட்டேன். மரபணு என்றால் புரதம் செய்யும் கட்டளை என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். இந்தச் சின்னத் துண்டில் ஒரு உருப்படியான புரதத்துக்கு இடமே இல்லை.

ஆனால் புழுக்கள் குணமாகிவிட்டன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் புழு வளர்க்கும் தட்டுகளில் அகர் கூழ் ஊற்றும் இர்மா மெடெய்ரோஸ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அய்யோ, முட்டை போடுதுப்பா! நாலு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டிருந்தியே, இப்பவாவது சிரி!"

சிரித்தேன் அக்கா.

உன் தம்பி,
ரேயால்


வெர்மான்ட்
4 அக்டோபர் 1992

அன்புள்ள ரேயால்,

நான் நலமாக இருக்கிறேன். முழங்கையும் நலம். மாவு வேலையிலிருந்து வெட்டும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் வட்டம். வெட்டி மிஞ்சும் ஓரங்களை நாங்கள் மாலையில் கொறிக்கிறோம்.

மதர் ஜெர்மெய்ன் வழக்கம்போல உன் கடிதத்தை முதலில் படித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். தரும்போதே கேட்டார்: "ஏம்மா, வாசலே இல்லைன்னா அந்த முட்டைங்க எங்க போகும்?" எனக்கும் அதே கேள்விதான். இரண்டு பேர் கேட்கிறோம், ஒழுங்காகப் பதில் எழுது.

என் நித்திய வார்த்தைப்பாட்டுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். வரும் ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். இரண்டு முறை தள்ளிவைத்தது போதும் என்று மதர் நினைக்கிறார். அன்று எழுந்து நின்று, சாகும்வரை இந்தச் சுவருக்குள் இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. என் அறை ஜன்னலிலிருந்து இரண்டு தெரியும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக,
லூசியென்


கேம்பிரிட்ஜ்
25 அக்டோபர் 1992

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மதருக்கு என் வணக்கம்.

பதில் இனிமையானதல்ல. வாசல் இல்லாததால் முட்டைகள் உள்ளேயே பொரிக்கும். குஞ்சுகள் தாயை உள்ளிருந்து தின்னும். கடைசியில் தாய் என்பது வெறும் தோல்பை. அதற்குள் பத்துப் பதினைந்து குட்டிகள் நெளிந்துகொண்டிருக்கும், பை கிழியும்வரை. தினமும் காலையில் நான் பார்ப்பது இதைத்தான்.

இப்போது என் சங்கதி. எங்கள் கூடத் தலைவர் லாத்ரப் சின்னத் துண்டை நம்பவில்லை.

"ரேயால், புரதம் இல்லாம மரபணு ஏது? உன் குழாயில பெரிய துண்டு கலந்திருக்கு. திரும்பச் செய்."

செய்தேன். குணமாயிற்று.

"திரும்பச் செய்."

இந்த முறை புத்தம் புதுக் குழாய், புது ஊசி. தட்டுக்குத் தட்டு புழுக்களை நகர்த்த என் புருவத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் பல்குச்சியில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதைக்கூட மாற்றினேன். இர்மா சொல்கிறாள்: "இப்படியே போனா உனக்குப் புருவமே மிஞ்சாது." மூன்றாம் முறையும் குணம்.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். துண்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு எழுத்தைச் செருகினேன். புரதம் செய்யும் கட்டளையாக இருந்தால் அந்த எழுத்துக்குப் பிறகு எல்லாம் உளறலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புழு குணமாகித் தட்டு நிறைய முட்டை போட்டது.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, கூடத்தில் எல்லோர் முன்பும் பேசுகிறேன். பக்கத்துக் கூடங்களிலிருந்தும் வருவார்கள். இந்த முறை விடப்போவதில்லை. எனக்காக அன்று ஒரு ஜெபம்.

உன்,
ரேயால்


வெர்மான்ட்
22 நவம்பர் 1992

அன்புள்ள ரேயால்,

நலமா? வெள்ளிக்கிழமை போய் ஒன்பது நாளாகிறது. தபால்காரர் வரும்போதெல்லாம் மதர் என்னைப் பார்க்கிறார், நான் மதரைப் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ்வரை கடிதம் எழுதவும் கூடாது, வந்ததை வாங்கவும் கூடாது. ஆகையால் இதற்குப் பதிலை ஜனவரியில்தான் படிப்பேன்.

இயந்திரம் பழுதாகிக் கையால் வெட்டினோம். எனக்குச் சளி. மற்றபடி நலம்.

சின்னத் துண்டு என்னாயிற்று?

லூசியென்


கேம்பிரிட்ஜ்
10 ஜனவரி 1993

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு லூயிஸ்டன் போய் அப்பாவோடு இருந்தேன். வழியில் பனியில் கார் சறுக்கி ஒரு வேலியில் மோதி நின்றது. காயமில்லை. அப்பா பன்றிக்கறி வைத்த பலகாரம் தானே செய்திருந்தார், உப்பு அதிகம். ஆகஸ்டில் உன் விழாவுக்கு வர பேருந்து ஒன்றைப் பேசிவைத்திருக்கிறார். நாற்பது பேராம். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எனக்குப் பொண்ணு ஒண்ணு ஆண்டவருக்கு, பையன் ஒண்ணு அறிவியலுக்கு" என்கிறார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கூடத்தில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. என் பணி ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டித்துவிட்டார்கள். லாத்ரப் கைகுலுக்கினார். புது நுண்ணோக்கி வந்திருக்கிறது, படம் மிகத் தெளிவு.

இந்த ஆண்டு குளிர் அதிகம். ஆறு உறைந்துவிட்டது.

அன்புடன்,
ரேயால்


வெர்மான்ட்
21 பிப்ரவரி 1993

அன்புள்ள ரேயால்,

நலம். காரை மெதுவாக ஓட்டு.

ஒப்பந்தம் நீண்டதில் மகிழ்ச்சி. உன் கடிதத்தை மதர் திருப்பித் தரும்போது, "நல்ல செய்திதான். ஆனா நாம கேட்டதுக்குப் பதிலைக் காணோமே!" என்றார். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாயோ என்று திருப்பிக்கூடப் பார்த்தாராம்.

சென்ற வாரம் வயதான சகோதரி பெர்னாதெத் காலமானார். ஐம்பத்தெட்டு ஆண்டு இங்கே இருந்தவர். அடக்கம் முடிந்ததும் மதர் என்னைக் கல்லறைத் தோட்டத்தில் கொஞ்சம் நிறுத்திவைத்தார். வார்த்தைப்பாடு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இடம் குறித்துவிடுவது இங்கே வழக்கம். எனக்கு ஆப்பிள் மரத்தடி. நல்ல இடம், கோடையில் நிழல் இருக்கும். நன்றி சொன்னேன்.

உன்னிடம் ஒரு சந்தேகம். திரும்பத் திரும்ப முதல் பருவத்திலேயே நிற்கும் அந்தப் புழுவை அந்த நிலையில் வைத்திருப்பது எது? உள்ளே ஏதோ ஒன்று இல்லாததாலா, அல்லது ஏதோ ஒன்று அளவுக்கு மேல் இருப்பதாலா? அதற்கு வலிக்குமா?

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர்வரை மௌனம். நான் நலமாக இருக்கிறேன். மிகவும் நலமாக.

சின்னத் துண்டு?

லூசியென்


கேம்பிரிட்ஜ்
18 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகள். இந்தக் கடிதத்தை ஏழு முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில் மதர் ஜெர்மெய்னிடம் ஒரு வார்த்தை: மதர், இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

அக்கா, முப்பத்திரண்டு வயதில் உன் கல்லறையைக் காட்டுகிறார்கள். நீ "கோடையில் நிழல் இருக்கும்" என்று எழுதுகிறாய். சின்ன வயதில் நீ ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார மாட்டாய். அம்மா செத்த வருஷம் நீ மடத்துக்குப் போனாய். அப்பா அழுகையை நிறுத்தி முதல் முறையாகச் சிரித்தது அன்றுதான். அவர் முகத்தைப் பார்த்தபடி போனவள் நீ. உன் கடிதங்களில் "நலம்" என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். நலமாக இருப்பவர்கள் இத்தனை முறை எழுத மாட்டார்கள்.

நீ வெளியே வர விரும்புகிறாயா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது, போதும். ஆமாம் என்றால் நான் காரில் வந்து வாசலில் நிற்கிறேன்.

நான் நலம். வேலை நடக்கிறது.

உன் தம்பி,
ரேயால்


வெர்மான்ட்
12 ஜூன் 1993

மதிப்பிற்குரிய ரேயால் வெலெட் அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் பெயரைச் சொல்லி எழுதியிருந்ததால் பதில் எழுதும் கடமை எனக்கும் இருக்கிறது.

தங்கள் கடிதத்தை நான் உடனே கொடுக்கவில்லை. மூன்று வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அது என் தவறு. கொடுத்த அன்று சிஸ்டர் அதை நின்றபடியே படித்தார், மடித்தார், வெட்டும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார். பத்து நாள் கழித்து என் அறைக்கு வந்து, போக வேண்டும் என்றார்.

யாரும் தடுக்கவில்லை. ஜூன் 8, செவ்வாய்க்கிழமை காலை அவர் புறப்பட்டார். மழை பெய்துகொண்டிருந்தது, அவரிடம் மேலங்கி இல்லை, என்னுடையதைக் கொடுத்தேன். எங்கே போகிறார் என்று கேட்டேன். "இன்னும் தெரியலை மதர், பஸ்ஸில ஏறினப்புறம் முடிவு பண்றேன்" என்றார். தங்களிடம் வந்திருப்பார் என்று நம்புகிறேன். வரவில்லையென்றால் தயவுசெய்து தெரிவியுங்கள்.

நாற்பத்தொரு ஆண்டுகளாகப் பிறர் கடிதங்களைப் படிக்கிறேன். எழுதாமல் விட்டதையும் படிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உங்கள் அக்காவிடம் தவறிவிட்டேன். உங்களிடம் தவறவில்லை என்று நினைக்கிறேன்.

இறைவனில்,
மதர் ஜெர்மெய்ன்


ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச், மெய்ன்
30 ஜூலை 1993

அன்புள்ள ரேயால்,

ஏழு வாரம் உன்னைத் தவிக்க விட்டதற்கு மன்னித்துவிடு. உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன். கடற்கரையில் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் வேலை. கியூபெக்கிலிருந்து வருகிறவர்கள் அதிகம், என் பிரெஞ்சு உதவுகிறது. மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள்.

பலமுறை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. ஏழு வருஷமாக இரண்டு பேருக்கு எழுதிப் பழகியவள் ஒருவனுக்கு எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மதரிடம் போனபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, இவ்வளவு நாளா சொல்லலை?"

"நீங்க கேட்கலையே மதர்."

"கேட்டிருந்தா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு இருவரும் அழுதோம்.

வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. முதல் வாரம் சலவை அறைக் கதவின் முன் ஈரத் துணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தேன், யாராவது அனுமதி கொடுப்பார்கள் என்று. விடுதிக்கார அம்மா சொன்னாள்: "என்னத்துக்குடி நிக்கிற? திறந்துதான் இருக்கு, தள்ளு." இப்போதும் தள்ளுவதற்கு முன் ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

அப்பாவுக்கு எழுதினேன். கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே அவர் கையெழுத்தில், "இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை". அனுப்பியவள் யார் என்று பார்க்காமல் எழுதியிருக்க மாட்டார். நாற்பது பேரிடமும் பேருந்து இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். ஒவ்வொரு வீடாக.

நான் ஏன் உன்னிடம் வரவில்லை தெரியுமா? நான் வெளியே வர விரும்புகிறேனா என்று கேட்ட அதே கடிதத்தில், நான் இரண்டு முறை கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. "நான் நலம், வேலை நடக்கிறது." அது என்னுடைய எழுத்து ரேயால். அதை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இப்போது நம் நடுவில் யாரும் இல்லை. சொல். நவம்பர் 13 என்ன நடந்தது?

உன் அக்கா,
லூசியென்


கேம்பிரிட்ஜ்
15 ஆகஸ்ட் 1993

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும். விடுதி வேலையில் முழங்கையைக் கெடுத்துக்கொள்ளாதே.

நவம்பர் 12, வியாழக்கிழமை. லாத்ரப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தார்.

"உன்னோட ஒப்பந்தத் தாள் இதோ இருக்கு. கையெழுத்துப் போடணும்னுதான் நினைக்கிறேன். ஆனா நாளைக்கு நீ போய், புரதமே இல்லாத மரபணுன்னு சொன்னா, வெளியாளுங்க முன்னாடி நான்தான் எழுந்து அது கலப்படம்னு சொல்லணும். அதை நீயே சொல்லிட்டா மரியாதையா முடியும்."

அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவர் பொய்யர் இல்லை. அன்று அந்த அறையில் பொய்யன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொன்னேன்: "சின்னத் துண்டு சோதனையில குழாய் மாறிப்போச்சு. என்னோட கவனக்குறைவு." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரோ இருமினார்கள். லாத்ரப் தலையசைத்தார். பின்வரிசையில் இர்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று முறையும் அந்த முட்டைகளைத் தன் கண்ணால் பார்த்தவள். வெளியே வந்ததும், "உன் தட்டை இனிமே நீயே ஊத்திக்க" என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது மாதமாக வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்துப் பெரிய துண்டுகளில் புரதத்தைத் தேடுகிறேன். அது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லாததை எப்படித் தேடுவது என்று நன்றாகக் கற்றுக்கொண்டேன்: தினமும், ஒழுங்காக, குறிப்பேட்டில் தேதி போட்டு. ஒப்பந்தம் இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது.

காரில் வந்து வாசலில் நிற்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேராகக் கூடத்துக்குத்தான் போனேன்.

ரேயால்


ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச்
21 ஆகஸ்ட் 1993

அன்புள்ள ரேயால்,

முழங்கை பரவாயில்லை. வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லப் பழகுகிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என்னிடம் சொன்னதால் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அந்த வெள்ளிக்கிழமை அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. என்னால் உன்னை மன்னிக்கத்தான் முடியும், விடுவிக்க முடியாது. இதை ஒரு கன்னியாஸ்திரியாகச் சொல்லவில்லை, இப்போது நான் அது இல்லை.

முதலில் இர்மாவிடம் போ.

லூசியென்


கேம்பிரிட்ஜ்
14 நவம்பர் 1993

அன்புள்ள அக்கா,

நான் நலம். இந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். விடுதி குளிர்காலத்துக்கு மூடிய பின்னும் உன்னை வைத்துக்கொண்டார்கள் என்று அறிந்து நிம்மதி.

நீ சொன்னபடி முதலில் இர்மாவிடம் போனேன். அவள் அகர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே, "எனக்குத் தெரியாததா ஏதாவது சொல்லு" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, என்னைக் கீழ்த்தளத்து ஃப்ரீசருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னத் துண்டால் குணமான புழுக்களை அழித்துவிடச் சொல்லி லாத்ரப் சென்ற ஆண்டே உத்தரவு போட்டிருந்தார். அவள் அவற்றை உறையவைத்து, குழாயின் மேல் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். டி.என்.ஏ. துண்டும் பக்கத்திலேயே இருந்தது. இந்தப் புழுக்கள் உறைந்தால் சாவதில்லை, சூடு காட்டினால் எழுந்து நெளியும்.

"ஏன் வச்சிருந்தே இர்மா?"

"நீ கோழைன்னு எனக்குக் கோவம். புழு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஐந்து வாரம் எடுத்துக்கொண்டோம். பழைய புழுக்களை எழுப்பினோம். புதிய நோயாளித் தாய்களுக்கும் ஊசி போட்டோம், இந்த முறை அவள் கையால். பிறகு லாத்ரப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு தட்டு. ஒன்றில் தோல்பைகள், இன்னொன்றில் முட்டைகள். அவர் வெகுநேரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது எந்தத் துண்டு?"

"சின்னது. எழுநூறு எழுத்து. போன வருஷமும் இதேதான். குழாய் மாறலை. நான் பொய் சொன்னேன்."

"எந்தப் பொய்? போன வருஷம் சொன்னதா, இப்ப சொல்றதா? நான் எதை நம்பணும்?"

இர்மாதான் சொன்னாள்: "அவனை நம்பாதீங்க. புழுவை நம்புங்க."

லாத்ரப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார், அது இன்னும் என்னை அறுக்கிறது: "அன்னைக்கு நீ என்னை எதிர்த்திருந்தா நான் கத்தியிருப்பேன் ரேயால். ஒரு வாரம் கத்தியிருப்பேன். அப்புறம் வந்து இப்படிக் குனிஞ்சு பார்த்திருப்பேன். அவ்வளவுதான்."

அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து ஓராண்டு அடைந்து கிடந்தேன்.

இனி இதில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. வேறு இரண்டு கூடங்கள் இதையே கண்டுபிடித்து எழுதி முடித்துவிட்டன, டிசம்பரில் அச்சாகிறது. அச்சுக்குப் போகும் அந்தக் கட்டுரையின் நகல் ஒன்றை லாத்ரப் காட்டினார். நீ பிப்ரவரியில் கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது. அந்தத் துண்டிலிருந்து வருவது புரதமே இல்லை. இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் ஒரு ஆர்.என்.ஏ. இழை. "முதல் பருவத்து வேலையைச் செய்" என்று உத்தரவிடும் இன்னொரு மரபணு உண்டு. அதன் செய்தியின் வால் பகுதியில் இந்த இழை போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே அந்த உத்தரவு அடங்கிவிடுகிறது, புழு இரண்டாம் பருவத்துக்குப் போகிறது. எங்கள் நோயாளிகளிடம் அந்த இழை இல்லை. அதனால் பழைய உத்தரவு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இல்லாததும் உண்டு, அளவுக்கு மேல் இருப்பதும் உண்டு. நீ கேட்ட இரண்டும் சரி. வலிக்குமா என்று யாரும் எழுதவில்லை. இதையெல்லாம் மதர் ஜெர்மெய்னுக்கும் எழுதிவிட்டேன்.

நான் பிப்ரவரியோடு இங்கிருந்து கிளம்புகிறேன். லாத்ரப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அடுத்து என்ன என்று தெரியாது.

சென்ற ஞாயிறு லூயிஸ்டன் போனேன். என் கதையை அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன். அறிவியலுக்குக் கொடுத்த பையன் செய்ததை. அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார். பிறகு உன் பெயரைச் சொன்னேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு நின்றார், எதையும் கழுவவில்லை. நான் கிளம்பக் கோட்டு மாட்டும்போதுதான் வாசல்வரை வந்தார்.

"அங்க ஏழு வருஷமும் அவளுக்குக் காலுக்கு என்ன குடுத்தாங்க?"

"செருப்புதான். கயிறு வச்சது."

"அப்ப பாதம் அகலமாயிருக்கும். பழைய அளவு ஆகாது." தரையைக் காட்டினார். "காகிதத்து மேல நிக்கச் சொல்லு. உக்கார்ந்துக்கிட்டு வரையக் கூடாது, பாரம் விழணும். பென்சிலை நேரா பிடிச்சு வரைஞ்சு அனுப்பச் சொல்லு. ரெண்டு காலையும். ஒண்ணு போல ஒண்ணு இருக்காது."

உடனே அனுப்பு. என்னிடம் வேண்டாம், அவர் முகவரிக்கே.

உன் தம்பி,
ரேயால்